ஓட்டத்தைக் கைவிட்டார்களா? அமெரிக்கக் கால்பந்தில் அடிக்கடி எழும் ஒரு குற்றச்சாட்டு

அமெரிக்கக் கால்பந்தில் ஓர் அணி தோற்றுவிட்டால், மறுநாள் காலையில் அதன் ரசிகர்களிடமிருந்து தவறாமல் கேட்கும் குறை ஒன்று உண்டு: "பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பயிற்சியாளர் பாதியிலேயே கைவிட்டுவிட்டார்." இதைச் சொல்வது எளிது, சரிபார்ப்பது அவ்வளவு எளிதன்று. ஆட்டம் முடிந்தபின் வெளியாகும் புள்ளிவிவரத்தில் எத்தனை முறை ஓடினார்கள், எத்தனை முறை எறிந்தார்கள் என்ற இரு எண்களை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதுபவர்கள் பெரும்பாலும் தவறான இடத்தில் பழியைப் போடுகிறார்கள் என்பது என் எண்ணம். அது ஏன் என்பதை, இந்த ஆட்டத்தை இதுவரை பார்த்திராதவருக்கும் விளங்கும்படி, புகழ்பெற்ற ஓர் ஆட்டத்தை முன்வைத்து விளக்க முயல்கிறேன்.

முதலில் அடிப்படை. நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டத்துக்கும் இதற்கும் பெயரைத் தவிர ஒற்றுமை மிகக் குறைவு. பக்கத்துக்கு 11 பேர்; இரு கோல் கோடுகளுக்கும் இடையே 100 யார்டு நீளம். பந்தை வைத்திருக்கும் அணி 10 யார்டு முன்னேறுவதற்கு நான்கு முயற்சிகள் பெறுகிறது. ஒவ்வொரு முயற்சிக்கும் 'டவுன்' என்று பெயர். அந்த நான்குக்குள் 10 யார்டு கடந்துவிட்டால் மீண்டும் புதிதாக நான்கு முயற்சிகள் கிடைக்கும். 'மூன்றாவது டவுன், ஒரு யார்டு' என்று வர்ணனையாளர் சொன்னால், மூன்றாவது முயற்சி நடக்கப்போகிறது, இன்னும் ஒரு யார்டு மட்டுமே தேவை என்று பொருள். எதிரணியின் கோல் கோட்டைப் பந்துடன் கடந்தால் அது டச்டவுன், அதற்கு 6 புள்ளி. அதன்பின் உதையால் ஒரு புள்ளியோ, மீண்டும் ஒருமுறை கோட்டைக் கடந்து இரண்டு புள்ளியோ கூடுதலாகப் பெறலாம். தொலைவிலிருந்து பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு இடையே செலுத்தினால் அது ஃபீல்டு கோல், அதற்கு 3 புள்ளி.

முன்னேறுவதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. குவாட்டர்பேக் என்னும் மைய ஆட்டக்காரர் பந்தைப் பின்னாலிருக்கும் ரன்னிங் பேக்கின் கையில் கொடுத்து ஓடச் செய்யலாம். அல்லது தொலைவில் ஓடிக்கொண்டிருக்கும் சக வீரருக்கு எறியலாம், அதாவது பாஸ் செய்யலாம். இந்த விளையாட்டு தொடங்கிய காலத்தில் முன்னோக்கி எறிவதற்கு அனுமதியே இல்லை. 1906இல்தான் விதி மாற்றப்பட்டது. ஓட்டமே ஆட்டத்தின் முதுகெலும்பு, எறிவது அலங்காரம் என்ற பழைய மனப்பான்மை இன்றும் ரசிகர்களிடம் ஒட்டிக்கொண்டிருப்பதற்கு அந்த வரலாறும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

இன்றைய தொழில்முறை ஆட்டத்தில் ஓர் ஓட்டம் சராசரியாக நான்கு யார்டுக்குச் சற்று மேல் தருகிறது. ஒரு பாஸ் முயற்சி, தவறியவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், அதைவிடக் கூடுதலாகத் தருகிறது. அப்படியானால் ஏன் ஓட வேண்டும்? கடிகாரம்தான் முக்கியமான விடை. ஓடியவர் மைதானத்துக்குள்ளேயே வீழ்த்தப்பட்டால் கடிகாரம் நிற்காது. அடுத்த முயற்சியைத் தொடங்க அணிக்கு 40 வினாடி வரை அவகாசம் உண்டு. எறிந்த பந்து யார் கையிலும் சிக்காமல் தரையில் விழுந்தாலோ கடிகாரம் உடனே நின்றுவிடும். ஆகவே முன்னிலையில் இருக்கும் அணிக்கு ஓட்டம் என்பது யார்டுகளைச் சேர்க்கும் கருவி மட்டுமன்று, நேரத்தைக் கரைக்கும் கருவியும்கூட. பாஸுக்கு வேறு ஆபத்துகளும் உண்டு. எதிரணி வீரர் பந்தை இடைமறித்துப் பிடிக்கலாம். எறிவதற்கு முன்பே குவாட்டர்பேக்கைப் பிடித்துத் தரையில் சாய்க்கலாம். பின்னதற்கு 'சாக்' என்று பெயர். அது நடந்தால் பந்து பல யார்டு பின்னுக்குப் போய்விடும்.

இனி அந்த ஆட்டம். 2017 பிப்ரவரி 5 அன்று ஹூஸ்டன் நகரின் என்ஆர்ஜி அரங்கில், என்எஃப்எல் என்னும் தொழில்முறை லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் 51ஆவது முறையாக நடைபெற்றது. ஒரு பக்கம் அட்லாண்டா ஃபால்கன்ஸ். அந்தப் பருவத்தில் 540 புள்ளிகள் குவித்து லீக்கிலேயே முதலிடத்தில் இருந்த தாக்குதல் அணி. அதன் குவாட்டர்பேக் மேட் ரையன் அந்த ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானவர். தாக்குதல் நகர்வுகளைத் தேர்ந்தெடுத்துச் சொல்லும் பொறுப்பு கைல் ஷனஹனிடம் இருந்தது. எதிரில் டாம் பிரேடியின் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ். மூன்றாவது கால்பகுதியின் நடுவில் ஃபால்கன்ஸ் 28–3 என்று முன்னிலை பெற்றிருந்தது. இறுதியில், கூடுதல் நேரத்தில், 34–28 என்று தோற்றது. ஷனஹன் ஓட்டத்தைக் கைவிட்டதால்தான் கோப்பை கைநழுவியது என்ற பேச்சு அன்றிரவே தொடங்கியது, இன்றுவரை ஓயவில்லை.

எண்களைப் பார்ப்போம். ஃபால்கன்ஸ் மொத்தம் 46 நகர்வுகள் ஆடியது. அவற்றில் 18 ஓட்டம், 23 பாஸ். எறிய முயன்று சாக் ஆனது 5. அதாவது பத்துக்கு நான்கு என்ற அளவில் ஓடியிருக்கிறார்கள். வென்ற பேட்ரியட்ஸ் 93 நகர்வுகள் ஆடியது. அதில் ஓட்டம் 25 மட்டுமே. பிரேடி மட்டும் 62 முறை எறிந்தார், 5 முறை சாக் ஆனார். ஓட்டம் பத்துக்கு மூன்றுகூட வரவில்லை. ஓட்டத்தால் கிடைத்த மொத்த யார்டுகளோ இரு அணிகளுக்கும் ஒன்றே: 104. விகிதத்தை மட்டும் வைத்துப் பேசினால், ஓட்டத்தைக் கைவிட்ட அணி பேட்ரியட்ஸ்தான். ஆனால் அவர்கள்மீது அந்தக் குற்றச்சாட்டை யாரும் சொல்வதில்லை. முதன்முறை இந்தக் கணக்கைப் பார்த்தபோது நான் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாம் கேட்கவேண்டிய கேள்வி 'எத்தனை முறை' என்பதன்று, 'எப்போது' என்பதே என்று எனக்கு உறைத்தது அப்போதுதான்.

இங்கே கிரிக்கெட்டை நினைத்துக்கொண்டால் விஷயம் எளிதில் பிடிபடும். கடைசி மூன்று ஓவரில் 60 ரன் தேவைப்படும் அணி, வருகிற பந்தையெல்லாம் தூக்கி அடிக்கும், விக்கெட்டுகள் விழும், தோற்கும். மறுநாள் ஸ்கோர் அட்டையை மட்டும் பார்ப்பவர், "தூக்கி அடித்ததால் தோற்றார்கள்" என்று சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா? தோற்றுக்கொண்டிருந்ததால்தான் தூக்கி அடித்தார்கள். அமெரிக்கக் கால்பந்திலும் அதே கதைதான். பின்தங்கிய அணி, நேரம் கரைவதைத் தாங்க முடியாமல் எறிகிறது. முன்னிலையில் இருக்கும் அணி, நேரத்தைக் கரைக்க ஓடுகிறது. அதனால் வென்ற அணிகளின் கணக்கில் ஓட்டங்கள் அதிகமாகவும், தோற்ற அணிகளின் கணக்கில் குறைவாகவும் இருப்பது இயல்பு. 'முப்பது முறை ஓடினால் வெற்றி' என்பது போன்ற வாய்பாடுகள், விளைவைக் காரணமாக எடுத்துக்கொள்ளும் பிழையிலிருந்து பிறந்தவை. 25 புள்ளி பின்தங்கிய பேட்ரியட்ஸ் எறிந்துகொண்டே இருந்தது நிர்ப்பந்தம். 25 புள்ளி முன்னால் இருந்த ஃபால்கன்ஸ் எறிந்தது தேர்வு. குற்றச்சாட்டு ஒரு பக்கம் மட்டும் ஒட்டுவதன் காரணம் இதுவே.

எண்ணிக்கையிலேயே வேறு சில பள்ளங்களும் இருக்கின்றன. ஆட்டத்தின் கடைசியில் வெல்லும் அணியின் குவாட்டர்பேக் பந்தை வாங்கி மண்டியிட்டு நேரத்தை முடிப்பார். அதுவும் ஏட்டில் ஓட்டம் என்றே பதிவாகிறது. எறியத் திட்டமிட்ட குவாட்டர்பேக், யாரும் தோதாக இல்லாததால் தானே ஓடிவிட்டால் அதுவும் ஓட்டக் கணக்கில் சேர்கிறது, பயிற்சியாளர் சொன்னது பாஸாக இருந்தாலும். கல்லூரி ஆட்டங்களில் சாக் ஆவதைக்கூட ஓட்டமாகவே எழுதுகிறார்கள். தொழில்முறை லீக்கில் அந்த இழப்பைப் பாஸ் கணக்கில் கழிக்கிறார்கள். எதிர்த்திசையிலும் இது நடக்கிறது. ரன்னிங் பேக்குக்குப் பக்கவாட்டில் இரண்டு மூன்று யார்டு தொலைவில் மெதுவாகத் தட்டிவிடும் பாஸ், ஏட்டில் பாஸ். வேலையில் ஏறக்குறைய ஓட்டம். அந்த சூப்பர் பௌலில் பேட்ரியட்ஸின் ரன்னிங் பேக் ஜேம்ஸ் ஒயிட் ஓடியது 6 முறை, பிடித்த பாஸ்கள் 14. சூப்பர் பௌலில் அது ஒரு சாதனை. அவற்றில் பல இத்தகைய குறும்பாஸ்களே. பேட்ரியட்ஸின் உண்மையான ஓட்ட ஆட்டம் பாஸ் கணக்கில் ஒளிந்திருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

சராசரியும் ஏமாற்றும். ஃபால்கன்ஸின் 18 ஓட்டங்களுக்கு 104 யார்டு என்றால் ஓட்டத்துக்கு 5.8 யார்டு, இவ்வளவு நன்றாக ஓடியவர்கள் ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்கத் தோன்றும். ஆனால் அதில் டெவான்டா ஃப்ரீமன் தொடக்கத்திலேயே ஓடிய ஒரே ஓட்டம் 37 யார்டு. அதைத் தனியே எடுத்துவைத்தால் மீதி 17 ஓட்டங்களுக்கு 67 யார்டு, அதாவது நான்குக்கும் சற்றுக் குறைவு. மோசமில்லை, ஆனால் எதிரணியை நொறுக்கிய ஓட்டம் என்று சொல்ல முடியாது. இதற்கு மாறாக, இரண்டாம் கால்பகுதியில் அவர்களின் முதல் டச்டவுனைப் பாருங்கள்: ஜூலியோ ஜோன்ஸுக்கு 19 யார்டு, 23 யார்டு என இரண்டு பாஸ்; உடனே ஃப்ரீமன் தொடர்ந்து மூன்று முறை ஓடி மீதமிருந்த 29 யார்டையும் கடந்துவிட்டார். பாஸுக்குப் பயந்து எதிரணி விரிந்து நின்றதால் நடுவில் ஓட்டத்துக்கு வழி கிடைத்தது. ஓடி ஓடித்தான் பாஸுக்கு வழி திறக்கவேண்டும் என்ற பழைய பாடத்தை அந்த ஐந்து நகர்வுகள் தலைகீழாக நடத்திக் காட்டின.

எப்போது என்ற கேள்வியோடு அந்த ஆட்டத்தின் பிற்பகுதிக்குப் போவோம். 28–3க்குப் பிறகு ஃபால்கன்ஸின் ஓட்டங்கள் கைவிரல்களுக்குள் அடங்கிவிடும். இருந்தாலும் எல்லா நகர்வுகளையும் ஒன்றாகக் கட்டிப் பழிசொல்வது நியாயமாகாது. இரண்டு இடங்களை மட்டும் நெருங்கிப் பார்த்தால் போதும்.

முதல் இடம், நான்காவது கால்பகுதியில் எட்டரை நிமிடம் மீதமிருந்தபோது. மதிப்பெண் 28–12. ஃபால்கன்ஸ் தன் பக்கத்தின் 36ஆவது யார்டுக் கோட்டில், அதாவது தன் கோல் கோட்டிலிருந்து 36 யார்டில், இருந்தது. முந்தைய இரண்டு நகர்வுகளும் டெவின் கோல்மனின் ஓட்டங்கள். இரண்டும் சேர்ந்து ஒன்பது யார்டு தந்திருந்தன. அதாவது அந்தக் கட்டத்தில் அவர்கள் ஓட்டத்தைக் கைவிட்டிருக்கவில்லை. ஓட்டத்தால்தான் மூன்றாவது டவுன், ஒரு யார்டு என்ற நிலைக்கு வந்திருந்தார்கள். கோல்மன் காயமடைந்து வெளியேற, ஃப்ரீமன் உள்ளே வந்தார். ரையன் சில அடி பின்னால் நின்று பந்தை வாங்கினார். தொலைவில் எறிவதற்காகக் கையை ஓங்கினார். விளிம்பிலிருந்து பாய்ந்து வந்த டான்டா ஹைட்டவரைத் தடுத்திருக்கவேண்டிய ஃப்ரீமன் தவறவிட்டார். ஹைட்டவர் ரையன்மீது மோத, பந்து கையிலிருந்து உருண்டது. பேட்ரியட்ஸின் ஆலன் பிராஞ்ச் அதன்மேல் விழுந்தார். இடம், ஃபால்கன்ஸின் கோல் கோட்டிலிருந்து 25 யார்டு. சற்று நேரத்தில் அது டச்டவுனாகவும் இரண்டு கூடுதல் புள்ளியாகவும் மாறி 28–20 ஆயிற்று.

அந்த ஒரு யார்டுக்கு ஓடியிருந்தால் நிச்சயம் கிடைத்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு யார்டு ஓட்டமும் பலமுறை தடுக்கப்படுகிறது. ஓடும்போதும் பந்து கைநழுவலாம். அதே ஆட்டத்தில் பேட்ரியட்ஸின் லெகாரட் பிளவுன்ட் ஓடும்போது பந்தைத் தவறவிட்டதில்தான் ஃபால்கன்ஸின் முதல் டச்டவுன் பிறந்தது. ஆனால் தோல்வியின் விலையை ஒப்பிட வேண்டும். ஓடித் தடுக்கப்பட்டிருந்தால் கடிகாரம் மேலும் நாற்பது வினாடி ஓடியிருக்கும். பந்தை உதைத்து எதிரணியை அதன் பக்கத்துக்கு வெகுதூரம் தள்ளியிருக்கலாம். 16 புள்ளி பின்தங்கிய அணி, இரண்டே முறை பந்து கிடைத்தால், இரண்டு டச்டவுனும், இரண்டுக்கும் இரண்டிரண்டு கூடுதல் புள்ளியும் பெற்றால் மட்டுமே சமன் செய்ய முடியும் என்ற நிலையில், அவர்களுக்குத் தட்டுப்பாடாக இருந்தது நேரம். அந்த நேரத்தை மிச்சப்படுத்திக் கொடுக்கும் நகர்வை முன்னிலை அணி தேர்ந்தெடுத்தது. என் பார்வையில் அது தவறான தேர்வு. ஆயினும் ஃப்ரீமன் அந்தத் தடுப்பைச் செய்திருந்தால் இன்று யாரும் அதைப் பற்றிப் பேசியிருக்கமாட்டார்கள் என்பதும் உண்மை.

இரண்டாவது இடம்தான் எனக்கு அதிகம் உறுத்துவது. 28–20 ஆனபின் ஃபால்கன்ஸ் மிக அழகாக முன்னேறியது. ஃப்ரீமனுக்கு ஒரு பாஸ், 39 யார்டு. பிறகு எல்லைக்கோட்டோரத்தில் ஜூலியோ ஜோன்ஸ், தடுப்பாளரின் தலைக்குமேல் உடலை முறுக்கிப் பந்தைப் பிடித்து, கால்விரல்களை மட்டும் கோட்டுக்கு உள்ளே ஊன்றிப் பெற்ற 27 யார்டு. இந்த இரண்டும் பாஸ் என்பதை மறக்கக்கூடாது. எறிந்ததால்தான் அவர்கள் பேட்ரியட்ஸின் 22ஆவது யார்டுக் கோட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். ஆட்டம் முடிய ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. அங்கிருந்து ஃபீல்டு கோல் உதைத்தால் 31–20. பதினொரு புள்ளி இடைவெளியை ஒரே டச்டவுனால் அடைக்க முடியாது. உதைப்பதற்கு மேட் பிரையன்ட் இருந்தார். அந்தப் பருவத்தில் லீக்கிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்தவர்.

ஃபீல்டு கோலின் தொலைவைக் கணக்கிட, பந்து இருக்கும் கோட்டோடு ஏறத்தாழ 18 யார்டு கூட்டவேண்டும். கம்பங்கள் கோல் கோட்டுக்குப் பத்து யார்டு பின்னால் நிற்கின்றன, உதைப்பவரும் சில யார்டு பின்வாங்கியே உதைக்கிறார். முதல் டவுனில் ஃப்ரீமன் ஓடினார், ஒரு யார்டு இழப்பு. பந்து 23இல், உதைக்கவேண்டிய தொலைவு 41 யார்டு. பிரையன்ட் போன்றவருக்கு அது பெரிய சவாலன்று. இன்னும் இரண்டு முறை நடுவில் ஓடி, ஒரு யார்டும் பெறாவிட்டாலும் தொலைவு அப்படியே இருந்திருக்கும். எதிரணி கடிகாரத்தை நிறுத்தத் தன் டைம்அவுட்டுகளைச் செலவழிக்க வேண்டியிருந்திருக்கும். இரண்டாவது டவுனில் ரையன் எறியப் பின்வாங்கினார்; ட்ரே ஃபிளவர்ஸ் அவரைச் சாய்த்தார்; 12 யார்டு இழப்பு. தொலைவு 53 ஆயிற்று. அடுத்த பாஸ் சென்று சேர்ந்தது. ஆனால் தடுப்பு வீரர் ஜேக் மேத்யூஸ் எதிராளியைப் பிடித்து இழுத்ததற்காக அது செல்லாமல் போய் மேலும் 10 யார்டு பின்னால் தள்ளப்பட்டார்கள். தொலைவு 63. அப்போது லீக்கின் வரலாற்றிலேயே மிக நீண்ட ஃபீல்டு கோல் 64 யார்டு. உதைக்க வழியே இல்லை. பந்தை எதிரணியிடம் ஒப்படைத்தார்கள். 41, 53, 63. ஓட்டத்தைக் கைவிட்டதற்கு ஃபால்கன்ஸ் கொடுத்த விலையை ஆட்ட முடிவில் அச்சாகும் எந்த விகிதமும் இந்த மூன்று எண்கள் அளவுக்குத் தெளிவாகச் சொல்லாது.

ஷனஹனின் பக்கத்து வாதமும் மதிக்கத்தக்கது. அந்தப் பருவம் முழுவதும் அவரது அணி வென்றது துணிந்து எறிந்துதான். முன்னிலை வந்ததும் பதுங்கிவிட்டு, ஓடி ஓடிப் பந்தைத் திருப்பிக் கொடுத்துத் தோற்ற அணிகளும் ஏராளம். எதிரணி ஓட்டத்தை எதிர்பார்த்து எட்டுப் பேரை முன்வரிசையில் நிறுத்தினால், பிடிவாதமாக ஓடுவது சுவரில் முட்டிக்கொள்வதற்குச் சமம். அத்தகைய நேரத்தில் குவாட்டர்பேக்கே கோட்டருகில் நின்று திட்டத்தைப் பாஸாக மாற்றுவதுண்டு. அதைப் பயிற்சியாளரின் கைவிடல் என்று எழுதுவது சரியாகாது.

இங்கே ஒரு வேறுபாட்டையும் சொல்லவேண்டும். ஒரே ஒருமுறை எறிந்ததும், ஓட்டத்தைக் கைவிட்டதும் ஒன்றல்ல. 2015 பிப்ரவரியில் நடந்த 49ஆவது சூப்பர் பௌலில் சியாட்டில் சீஹாக்ஸ் கோல் கோட்டிலிருந்து ஒரு யார்டில் நின்றது. அரை நிமிடம்கூட இல்லை. மார்ஷான் லின்ச் என்னும் வலிமைமிக்க ரன்னிங் பேக் பக்கத்திலேயே இருந்தார். அவர்கள் எறிந்தார்கள், பேட்ரியட்ஸின் மால்கம் பட்லர் இடைமறித்தார், ஆட்டம் முடிந்தது. அந்த ஆட்டத்தில் லின்ச் 24 முறை ஓடி 102 யார்டு எடுத்திருந்தார். சியாட்டில் ஓட்டத்தைக் கைவிட்ட அணியன்று. ஒரு நகர்வைத் தவறாகத் தேர்ந்த அணி என்று வேண்டுமானால் சொல்லலாம்.

ஆகவே அடுத்தமுறை இந்தக் குற்றச்சாட்டு காதில் விழுந்தால், மொத்த எண்ணிக்கையை ஒதுக்கிவிட்டு, மதிப்பெண் நெருக்கமாக இருந்தபோதும் அணி முன்னிலையில் இருந்தபோதும் முதல் இரண்டு டவுன்களில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். பின்தங்கியபின் எறிந்தவற்றையும், கடைசியில் மண்டியிட்டவற்றையும் நீக்கிவிடுங்கள். ஃபால்கன்ஸை இப்படி நிறுத்துப் பார்த்தால், அந்த அணி ஆட்டம் முழுவதும் ஓட்டத்தைக் கைவிட்டது என்ற பேச்சு நிற்காது. நேரமும் தொலைவும் யார்டுகளைவிட விலைமதிப்புள்ளதாக இருந்த இரண்டு தருணங்களில் கைவிட்டது என்பதே நிற்கும்.

ஃபால்கன்ஸ் உதைத்த பந்தைப் பேட்ரியட்ஸ் தன் 9ஆவது யார்டுக் கோட்டில், மூன்றரை நிமிடம் மீதமிருக்கப் பெற்றது. 91 யார்டையும் கடக்கவேண்டும். பிரேடி எறிந்துகொண்டே போனார். ஆனால் கோட்டுக்கு ஒரு யார்டு இருக்கையில் பந்து ஜேம்ஸ் ஒயிட்டின் கையில் கொடுக்கப்பட்டது. அவர் ஓடிக் கடந்தார். இரண்டு கூடுதல் புள்ளியோடு 28–28. கூடுதல் நேரத்தில் மீண்டும் எறிந்து எறிந்து இரண்டு யார்டு வரை வந்தார்கள். மீண்டும் ஒயிட்டின் கையில் பந்து. வலப்பக்கமாக ஓடி, மூன்று பேர் பிடித்து இழுக்க, கோட்டின் மேல் விழுந்தார். தன் குவாட்டர்பேக் 62 முறை எறிந்த அணி கோப்பையை வென்றது அந்த ஓட்டத்தில்.